டீச்சர் நிறுத்திய இடம்

எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் ஒரே கூடத்தில்தான் நடந்தன. நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. அது ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வரைக்கும்தான் இருக்கும். அதற்கு மேல் காற்றும் சத்தமும் இரண்டு வகுப்புக்கும் பொது. இந்தப் பக்கம் நான் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுப்பேன். அந்தப் பக்கம் என் மனைவி ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பாள். அதே ஏழாம் வகுப்பில் ஜன்னலோரம் இரண்டாவது பெஞ்சில் எங்கள் ஒரே மகள் உட்கார்ந்திருப்பாள்.

பிள்ளைப்பாக்கம் பக்கத்தில், கன்னியாஸ்திரிகள் நடத்துகிற சின்ன நடுநிலைப் பள்ளி. பிள்ளைகளில் பாதிப் பேர் உள்ளூர்க்காரர்கள். நிலத்தை விற்று மாடி கட்டினவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு, விற்காமல் இன்னும் நடவு நடுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. மீதிப் பேர் அந்த மாடிகளில் வாடகைக்கு இருக்கிற குடும்பங்களின் பிள்ளைகள். தென்காசி, விருதுநகர், ராமநாதபுரம் என்று எங்கெங்கோ இருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். அப்பாவுக்கு ஒரு ஷிஃப்ட், அம்மாவுக்கு ஒரு ஷிஃப்ட் என்று இருக்கும் வீடுகள். பள்ளிக்கூட மணி ஒன்றுதான் அந்தப் பிள்ளைகளுக்கு மாறாத நேரம்.

மூன்று பேரும் ஒரே வண்டியில்தான் போவோம். நான் ஓட்ட, நடுவில் மகள், பின்னால் என் மனைவி. பள்ளியின் கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினால் மகள் இறங்கி, பையைச் சரிசெய்துகொண்டு, "குட்மார்னிங் சார், குட்மார்னிங் டீச்சர்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிடுவாள். அதுவரைக்கும் "அப்பா காலை மடக்குப்பா" என்று சண்டை போட்டுக்கொண்டு வந்த பிள்ளை. ஒன்றாம் வகுப்பில் அவள் அம்மா சொல்லிக்கொடுத்த பழக்கம் அது. மற்ற பிள்ளைகளுக்கு முன்னால் நம் பிள்ளைக்கு மட்டும் தனி உரிமை இருக்கக் கூடாது என்பாள். மகளும் அதை ஒரு விளையாட்டுபோல எடுத்துக்கொண்டாள். ஒரு நாள் பள்ளியில் விழுந்து முட்டி பெயர்ந்தபோதுகூட, "டீச்சர், ரத்தம் வருது டீச்சர்" என்றுதான் அழுதாள்.

என் மனைவி புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் மேசைமேல் எதையாவது வைத்துவிடுவாள். ஒரு செங்கல் துண்டு, ஒரு கரண்டி எண்ணெய், ஒரு காந்தம். "இது யாரு? இவரைப் பத்தி உங்களுக்கு இன்னா தெரியும்?" என்றுதான் பாடம் ஆரம்பிக்கும். அவள் ஸ்ரீபெரும்புதூரிலேயே பிறந்து வளர்ந்தவள். வகுப்பில் வேண்டுமென்றே ஊர்ப் பேச்சில் பேசுவாள். புத்தகத் தமிழைக் கண்டு பயப்படுகிற பிள்ளைகள் அதில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள் என்பது அவள் கணக்கு. தமிழ் வாத்தியாரான எனக்கு முதலில் அது பிடிக்கவில்லை. பிறகு, நானே தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுச் சிரிக்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை கடைசிக்கு முந்தின பீரியட். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் பொருள்களின் பண்புகள் நடந்துகொண்டிருந்தது.

"ஒரு பொருளோட குணத்தை ரெண்டு விதமா தெரிஞ்சிக்கலாம். பாத்து, தொட்டு, மோந்து, எடை போட்டுத் தெரிஞ்சிக்கறது ஒண்ணு. நிறம், வாசனை, கெட்டித்தன்மை, தண்ணில கரையுமா கரையாதா, எல்லாம் இயற்பியல் பண்பு. இதுல பொருள் அதே பொருளாத்தான் இருக்கும். இன்னொரு குணம் கீது. அது மாறினாத்தான் வெளிய தெரியும். இந்தப் பேப்பர் எரியுமா எரியாதான்னு சும்மா பாத்துகினே இருந்தா தெரியுமா?"

"தெரியாது டீச்சர்!"

"எரிச்சாத்தான் தெரியும். எரிச்சதுக்கப்புறம் பேப்பர் இருக்குமா?"

"இருக்காது டீச்சர்!"

"அதான் வேதியியல் பண்பு. மீதியைத் திங்கக்கிழமை பாப்போம். வரும்போது ஆளுக்கு ஒரு பொருள் வூட்லருந்து கொண்டாங்க. காசு குடுத்து வாங்கக் கூடாது. நகை நட்டு கொண்டாந்தா அம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்குவீங்க, சொல்லிட்டேன்."

ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், எங்கூட்ல எருமை கீது. ஓட்டியாரட்டா?"

"பையில நுழைஞ்சா கொண்டா."

தடுப்புக்கு இந்தப் பக்கம் என் வகுப்பும் சிரித்தது. மணி அடித்தது. அவள் பாடம் நடத்தி நான் கேட்டது அதுதான் கடைசி.

சனிக்கிழமை காலையில் அவள் மாவு அரைத்தாள். உளுந்தை வழித்து, அரிசி மாவோடு சேர்த்து, உப்புப் போட்டுக் கையால் கலந்து பெரிய தூக்கில் ஊற்றி மூடினாள். கிரைண்டர் கல்லைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, "என்னங்க, தலை என்னமோ பண்ணுது" என்றாள். நான் கல்லை வாங்கிக்கொண்டு போய்ப் படுக்கச் சொன்னேன். படுத்தாள். கொஞ்ச நேரத்தில் மகளைக் கூப்பிட்டாள். கூப்பிட்டது மகளின் பெயர் மாதிரியே இல்லை. நாக்கு புரளவில்லை. ஸ்ரீபெரும்புதூருக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம், அங்கிருந்து ஆம்புலன்ஸில் சென்னைக்கு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய்விட்டாள். தலைக்குள்ளே ஒரு ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். பிறவியிலிருந்தே அந்த இடம் பலவீனமாக இருந்திருக்கும், யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை என்றார். அவர் என் தோளில் கை வைத்துப் பொறுமையாகத்தான் சொன்னார். யாரையும் குறை சொல்ல முடியாது.

எங்கள் பக்கத்தில் யாராவது திடீரென்று செத்தால் எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி, "எந்த லாரி?" என்பதுதான். துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் கேட்டார்கள். இரவும் பகலும் கண்டெய்னர் ஓடுகிற ரோட்டில் வேறு என்ன தோன்றும்? லாரி இல்லை, தலைவலி என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். லாரியாக இருந்திருந்தால் திட்டுவதற்கு ஒரு ஆளாவது இருந்திருப்பான் என்று அப்போது எனக்குத் தோன்றியது. இதை யாரிடமும் சொல்லவில்லை.

அடக்கத்தன்று காலையில் என் மகள் பள்ளி யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். தலையை அவளே இரட்டைப் பின்னலாகப் பின்னியிருந்தாள். ஒன்று தடித்து, ஒன்று மெலிந்து.

என் அண்ணி பதறிப்போனாள். "என்னடி இது? போய் அந்த வெள்ளை கவுனைப் போடு."

"எல்லாரும் யூனிஃபார்ம்லதான் வருவாங்க பெரிம்மா" என்றாள் மகள்.

"அவங்க ஸ்கூல் பிள்ளைங்க. நீ மகடி."

"நானும் ஸ்கூல்தான்."

விட்டுவிடுங்கள் அண்ணி என்றேன். பிள்ளைகள் வரிசையாக வந்தபோது அவள் எங்களை விட்டு எழுந்து போய், உயரத்தின்படி தன் இடத்தைத் தேடி, ஏழாம் வகுப்பு வரிசையில் நின்றுகொண்டாள். பெட்டியில் பூப் போட அவள் முறை வந்தபோது, மற்ற பிள்ளைகள் செய்ததைப் போலவே கைகூப்பி, பூவைப் போட்டு, நகர்ந்துவிட்டாள். அழவில்லை. வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற பெண்தான் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

மறுநாள் காலையில் வீடு நிறைய உறவுக்காரர்கள். அண்ணி இட்லி ஊற்றினாள். இட்லி பூப்போல இருந்தது. என் பெரியப்பா ஒருவர், "நல்ல மெதுவா இருக்கும்மா" என்று இன்னும் இரண்டு கேட்டு வாங்கினார். நானும் சாப்பிட்டேன். மகளும் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்து கேட்டாள்: "இது எப்ப அரைச்ச மாவு பெரிம்மா?"

"ஃப்ரிட்ஜ்ல தூக்குல இருந்ததுடி. பக்கத்து வீட்டுக்காரம்மா எடுத்து வெச்சிருக்காங்க போல. ஏன், புளிக்குதா?"

அண்ணிக்குத் தெரியாது. எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. வாயில் இருந்ததை முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மகள் எழுந்து போய்க் கை கழுவினாள். தூக்கின் அடியில் மிச்சம் இருந்ததை ஒரு எவர்சில்வர் டப்பாவில் வழித்து, மூடி, ஃப்ரீசரில் வைத்துக் கதவைச் சாத்தினாள். "யாரும் எடுக்கக் கூடாது" என்றாள். யாரும் எடுக்கவில்லை.

உறவுகள் ஊருக்குப் போனபிறகு நாங்கள் இருவரும் வீட்டில் தனியாக ஆனோம். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அவள் வீட்டிலும் "டீச்சர்" என்றே சொல்லத் தொடங்கியிருந்தாள். "டீச்சர் இந்த டம்ளர்லதான் காப்பி குடிப்பாங்க, அதுல எனக்கு ஊத்தாதீங்கப்பா." "டீச்சரோட புடவையெல்லாம் பீரோவுல மேல் தட்டுல வெச்சிருக்கேன்." யாரோ பக்கத்து வீட்டு அம்மாளைப் பற்றிப் பேசுவதுபோல மரியாதையாக, நிதானமாக. நான் திருத்தவில்லை. எப்படித் திருத்துவது?

அறிவியலுக்கு ஆள் இல்லாமல் பள்ளி தவித்தது. புது ஆளுக்கு ஒப்புதல் வந்துசேர மாதங்கள் ஆகும். தலைமையாசிரியையான சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"சார், கேக்கவே எனக்குக் கஷ்டமா இருக்கு. ஆறாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் நானும் கணக்கு டீச்சரும் பார்த்துக்கறோம். ஏழாம் வகுப்பு மட்டும் உங்க நேரத்தோடதான் ஒத்துவருது."

"சிஸ்டர், நான் தமிழ் வாத்தியார். எனக்கு அறிவியல் என்ன தெரியும்?"

"பாடத்தை வாசிச்சிக் காட்டுங்க. அதுபோதும். பிள்ளைங்க அந்த பீரியட்ல சும்மா உக்காந்திருக்குதுங்க. பேசக்கூட மாட்டேங்குதுங்க. அதுதான் எனக்கு பயமா இருக்கு."

ஒத்துக்கொண்டேன். அதற்குள் மூன்று வாரத்துக்கு மேலே ஆகியிருந்தது. மழை தொடங்கியிருந்தது.

முதல் நாள் உள்ளே போனதும், "எந்த இடத்தில் நிறுத்தினாங்க?" என்று கேட்டேன். அது எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டேன். எருமைக்காரப் பையன் மெதுவாக எழுந்து, பையைத் துழாவி, ஒரு பெரிய ஆணியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"டீச்சர் கொண்டாரச் சொன்னாங்க சார்."

அதன்பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். அந்தத் திங்கட்கிழமைக்காக எடுத்துவைத்ததை யாரும் பையைவிட்டு வெளியே எடுக்கவே இல்லை. புத்தகத்துக்கும் டிபன் பாக்ஸுக்கும் நடுவிலேயே வைத்துத் தினமும் தூக்கிவந்திருக்கிறார்கள். ஒரு செம்புக் கம்பிச் சுருள். ஒரு புளி உருண்டை. அடுப்புக்கரி. முட்டை ஓடு, தாளில் சுற்றி, நொறுங்கிப்போய். கம்பெனிப் பெட்டியில் வருகிற வெள்ளைத் தெர்மோகோல் துண்டு. ஒரு எலுமிச்சம்பழம் காய்ந்து, ஒரு பக்கம் பச்சையாகப் பூசணம் பிடித்திருந்தது. பையனின் ஆணி ஈரப் பைக்குள் கிடந்து முழுக்கத் துருவேறி, அவன் கணக்குப் புத்தக அட்டையில் ஆணியின் வடிவத்திலேயே கறை படிந்திருந்தது.

தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்தாள். அவள் அம்மா எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் நிற்கிறவள். பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே ஒன்றும் இல்லை.

"கட்டிக் கற்பூரம் வச்சிருந்தேன் சார். சத்தியமா வச்சிருந்தேன். நான் எங்கயும் எடுத்துப் போடல. இப்பம் பாத்தா காணும்." அழுதுவிடுவாள் போலிருந்தது. பொட்டலத்தை மூக்கருகே கொண்டுபோனேன். வாசனை மட்டும் இருந்தது.

"நீ தொலைக்கலம்மா" என்றேன். இதற்கான அறிவியல் சொல் நல்லவேளையாக எனக்குத் தெரிந்திருந்தது. "இதுக்குப் பதங்கமாதல்னு பேரு. திடப்பொருள் தண்ணியா ஆகாமலேயே நேரா காத்தோட போயிடறது. பதங்கம்னா தமிழ்ல பறவை, விட்டில் பூச்சி. பறந்துபோறது."

"பறந்து எங்க சார் போச்சு?"

"இங்கதான். இந்த ரூம்லதான். நீ தினம் இதைப் பையில கொண்டாந்தப்ப எல்லாரும் மோந்திருக்கோம்."

வகுப்பு முழுக்க ஒரு தடவை மூச்சை இழுத்துப் பார்த்தது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பி, எழுத ஒன்றும் இல்லாமல், தேதி எழுதினேன்.

என் மகள் மட்டும் எழுந்து வரவில்லை. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கேட்காமல் விட்டால் அதுவும் தனி உரிமையாகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ, கேட்டுவிட்டேன்.

"நீ என்ன கொண்டாந்த?"

எழுந்து நின்றாள். "கொண்டாரல சார்."

"ஏன்?"

"ஞாயித்துக்கிழமை எடுத்துத் தர்றேன்னு சொன்னாங்க சார். டீச்சர்."

பக்கத்து வகுப்பில் யாரோ ஒரு பிள்ளை வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. "உக்காரு" என்றேன். உட்கார்ந்தாள்.

அப்படித்தான் ஆரம்பித்தேன். வீட்டில் முந்தின நாள் படித்து, மறுநாள் வகுப்பில் சொல்வேன். துருப்பிடித்த ஆணியையும் காய்ந்த எலுமிச்சையையும் வைத்தே பல நாள் ஓடியது. ஆணி கெட்டியாக இருப்பது, காந்தத்தில் ஒட்டுவது இயற்பியல் பண்பு. ஈரத்தில் துருவேறுவது வேதியியல் பண்பு. முட்டை ஓட்டின் மேல் வினிகர் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு வந்தது. பிள்ளைகள் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சத்தம் போட்டார்கள். தடுப்பின் ஓரமாகக் கணக்கு டீச்சர் எட்டிப் பார்த்தார். திட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை இழுத்துக்கொண்டார்.

ஒரு நாள் தப்பாகச் சொல்லிவிட்டேன். டம்ளர் தண்ணீரில் உப்பைப் போட்டுக் கலக்கி, "பாத்தீங்களா, உப்பே இல்லாம போச்சு. அதனால இது வேதியியல் மாற்றம்" என்றேன். இரண்டாவது பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது.

"சார், அது இயற்பியல் மாற்றம் சார்."

"உப்புதான் காணாமப் போச்சே?"

"கண்ணுக்குத் தெரியல சார். ஆனா போகல. வாயில வெச்சிப் பாத்தா தெரியும். தண்ணி வத்திட்டா திரும்பி வந்துடும்." கொஞ்சம் நிறுத்தி, "டீச்சர் ஆறாவதுலயே சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றாள்.

நான் தப்பு, அவள் சொல்வதுதான் சரி என்று வகுப்பில் சொன்னேன். உப்புத் தண்ணீரை ஒரு தட்டில் ஊற்றி ஜன்னலில் வைத்தோம். மழை நாள், காய்வதற்கு வெகுகாலம் பிடித்தது. ஒரு நாள் காலையில் தட்டின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தது. பிள்ளைகள் ஆளுக்கு ஒரு விரல் தொட்டு நக்கினார்கள். மகளும் நக்கினாள். அன்று வீட்டுக்குப் போகிற வழியில், வண்டியில் எனக்குப் பின்னாலிருந்து கேட்டாள்:

"அப்பா, ஃப்ரீசர்ல வெச்சா மாவு புளிக்காதுல்ல?"

"புளிக்கறது ரொம்ப மெதுவாயிடும்னு புக்ல போட்டிருக்கு."

"நின்னுடாதா?"

"உறைஞ்சி இருக்கற வரைக்கும் ஏறக்குறைய நின்ன மாதிரிதான்."

"அப்ப அப்படியே வெச்சிருக்கலாம்" என்றாள். நடுவில் உட்கார்ந்து பழகியவள், பின்னால் இடம் காலியாக இருந்தும், என் முதுகை ஒட்டியே உட்கார்ந்திருந்தாள்.

தினமும் பள்ளிவிட்டு வந்ததும் அவள் ஃப்ரீசரைத் திறந்து பார்ப்பாள். டப்பாவைத் தொட்டு, கெட்டியாக இருக்கிறதா என்று சுண்டிப் பார்த்து மூடுவாள். நான் பார்க்காததுபோல இருப்பேன்.

அப்புறம் அந்தப் பெருமழை வந்தது. பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். எங்கள் தெருவின் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. கரண்ட் அன்றைக்கே வந்துவிடும் என்றார்கள், வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஒரகடம் பக்கம் கம்பெனிகளில் ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் மழையோடு சேர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தது. ஐஸ் வாங்கி வைக்கலாம் என்று ரெயின்கோட் மாட்டிக்கொண்டு சுங்குவார்சத்திரம் வரைக்கும் போனேன். டீக்கடைக்காரர், "இன்னா சார், இந்த மழைல ஐஸா?" என்றார். எங்கும் இல்லை. கிடைத்திருந்தாலும் அந்தத் தண்ணீரில் தெருவைத் தாண்டுவதற்குள் கரைந்திருக்கும்.

நான் திரும்பி வரும்போது மகள் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் டப்பா. மூடி திறந்திருந்தது. மாவு பொங்கி விளிம்பில் வழிந்து, மேலே நிறம் மாறியிருந்தது. வீடு முழுக்கப் புளித்த நாற்றம்.

"அப்பா, கரண்ட் வந்ததும் திரும்ப வெச்சா கெட்டியாயிடும்ல?"

"ஆயிடும்."

"ஆனா புளிப்பு போகாது."

"போகாதும்மா."

"பழைய மாவா ஆகாது."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் விரலை மாவில் வைத்தாள், எடுத்தாள், விரலைப் பார்த்தாள். பிறகு, "அம்மா கலக்கினதுப்பா" என்றாள். "அம்மா கையால கலக்கினதுப்பா. அம்மா கை இதுலதாம்ப்பா கடைசியா இருந்திச்சி."

அதற்கப்புறம் அவள் அழுததைப் பற்றி எழுத எனக்குத் திராணி இல்லை. இரண்டு மாதம் சேர்த்து வைத்த அழுகை. நானும் அழுதேன். அதுவரைக்கும் அவள் முன்னால் அழக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு அழுதவன்.

கொட்டுவதற்கு இருவருக்கும் கை வரவில்லை. நாற்றமோ தாங்க முடியவில்லை. கடைசியில் அவளே எழுந்து டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். மழையில் நனைந்துகொண்டே காம்பவுண்டுச் சுவரோரம் சாய்த்தாள். மாவு கொஞ்ச நேரம் வெள்ளையாகத் திட்டாகக் கிடந்தது. பிறகு மழைத்தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு கேட்டுக்கு அடியில் புகுந்து தெருவில் ஓடியது. தண்ணீர் பழையபடி செம்மண் நிறமாக ஆகும் வரைக்கும் அங்கேயே நின்றோம். உள்ளே வந்து அவளுக்குத் தலை துவட்டிவிட்டேன். டப்பாவை அவளே தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தாள்.

அதிலிருந்து வீட்டில் "அம்மா" என்றுதான் சொல்கிறாள். சொல்லும்போதெல்லாம் அவளுக்குக் குரல் கொஞ்சம் தடுமாறும். "டீச்சர்" என்று சொன்னபோது தடுமாறியதே இல்லை. எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை.

அரையாண்டுத் தேர்வுக்கு ஏழாம் வகுப்பு அறிவியல் தாளை நான்தான் திருத்தினேன். மீளா மாற்றத்துக்கு இரண்டு எடுத்துக்காட்டு கேட்டிருந்தார்கள். அவள் தாள் வந்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பயமாக இருந்தது. பிறகு படித்தேன். "காகிதம் எரிதல், பால் தயிராதல்" என்று எழுதியிருந்தாள். எல்லாப் பிள்ளைகளும் எழுதியது அதுதான். இரண்டு மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் புது டீச்சர் வந்தார். கோவில்பட்டிப் பக்கத்து இளம்பெண். இருங்காட்டுக்கோட்டையில் கம்பெனிப் பெண்களோடு ஒரு வாடகை அறையில் தங்கிக்கொண்டு பஸ்ஸில் வருகிறார். முதல் நாள் என்னிடம் வந்து, "சார், எதுவரைக்கும் நடத்திருக்கீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "அதுவரைக்கும் முடிச்சிட்டீங்களா! நீங்க தமிழ்னு சொன்னாங்க" என்று ஆச்சரியப்பட்டார். பாதியைப் பிள்ளைகள்தான் நடத்தினார்கள் என்றேன். அவர் அதை அடக்கமாகப் பேசுவதாக எடுத்துக்கொண்டார்.

நல்ல டீச்சர். சத்தமாக, சுறுசுறுப்பாக நடத்துகிறார். பிள்ளைகளுக்கு அவரைப் பிடித்துவிட்டது. என் மகளுக்கும் பிடித்துவிட்டது. ஒரு நாள் சாப்பிடும்போது, "புது டீச்சர் செம ஜாலிப்பா" என்றாள். சொன்னபிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டைப் பார்த்தாள். "நல்லதும்மா, நல்லா படி" என்றேன். அது நான் மனசாரச் சொன்னதுதான். சொல்லிவிட்டுச் சாப்பாட்டை முடிக்காமல் எழுந்தேன், அதுவும் உண்மைதான்.

இப்போது அவள் எட்டாம் வகுப்பு. தமிழ்ப் பாடத்துக்கு என்னிடம்தான் உட்காருகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போது அவள் செருப்பின் வார் அறுந்துவிட்டது. சர்ச்சில் மணி அடித்துவிட்டார்கள், நேரமில்லை. நான் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே நின்றிருந்தேன். அவள் உள்ளே போய், பீரோவுக்குப் பின்னாலிருந்து அவள் அம்மாவின் பழுப்புச் செருப்பைத் தேடி எடுத்து, தூசியைத் தாவணி நுனியால் துடைத்து, மாட்டிக்கொண்டு படியிறங்கி வந்தாள். நடையும் அதே நடை. வண்டியின் கண்ணாடியில் அவள் வருவது தெரிந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"கொஞ்சம் பெரிசா இருக்குப்பா" என்று ஏறி உட்கார்ந்தாள். "அடுத்த வருஷம் சரியாயிடும்."

வண்டியை எடுத்தேன். சர்வீஸ் ரோட்டில் கம்பெனிப் பஸ்கள் வரிசையாக நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தன. முன்னால் எதுவும் சரியாகத் தெரியவில்லை. மெதுவாகத்தான் ஓட்டினேன்.